பதினேழாம் எண்ணின் குடல்

காலை பத்தேகால் மணிக்கு, பதினேழாம் எண் கன்றின் சிறுநீரில் கோபால்ட் இருப்பதாகக் கருவி சொன்னது.

பதினேழுக்கு யாரும் கோபால்ட் கொடுக்கவில்லை.

கால்நடைக் குடல் ஆராய்ச்சி நிலையத்தின் வேலை எளிமையானது. கோபால்ட் கரைத்த ரோஸ் நிறத் திரவத்தைக் கன்றுகளுக்குக் குழாய் வழியாகப் புகட்டுவார்கள். குடல் சரியாக இருந்தால் கோபால்ட் சாணத்தோடு வெளியே போய்விடும். குடல் சுவரில் இடுக்கு விழுந்திருந்தால் ரத்தத்தில் நுழைந்து சிறுநீரில் இறங்கும். வந்ததைக் கொடுத்ததால் வகுத்தால் கசிவு எவ்வளவு என்று தெரியும். பதினேழுக்கு மட்டும் எதையும் கலக்காத தண்ணீர். மற்றவற்றை எதனோடாவது ஒப்பிட வேண்டுமே, அதற்காக அது அங்கே நின்றது.

செய்தியைக் கொட்டிலுக்கு வந்து சொன்னவர் கருவிக்காரர். சிறுநீர் பாட்டில்களைக் கருவிக்குள் வைத்து எண்களை எடுப்பது அவர் வேலை. கேட்டுக்கொண்டு நின்றவன் வாளி. கன்றுகளின் பின்னால் வாளி பிடித்துச் சிறுநீர் சேகரிப்பது அவன் வேலை. அவனுடைய சொந்தப் பெயர் வாசல் காவலாளிக்கு மட்டும் நினைவிருந்தது, அதுவும் அரைகுறையாக.

வாளி கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். அது சரிந்து விழுந்தது. மறுபடி சாய்த்தான்.

"அண்ணே, அது பதினேழோடது இல்ல."

"பின்ன?"

"என்னோடது."

கருவிக்காரர் ஆச்சரியப்படவில்லை. கொட்டிலில் அது வழக்கம். கன்று எப்போது சிறுநீர் கழிக்கும் என்பது கன்றுக்கே தெரியாது. ஆனால் பாட்டில் மாலைக்குள் கருவி அறைக்குப் போயாக வேண்டும். காலி பாட்டிலுக்கு விளக்கம் கேட்பார்கள். நிரம்பிய பாட்டிலுக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆகவே கன்று ஏமாற்றும் நாட்களில் பணியாளர்கள் ஒரு தூணின் மறைவில் போய் நிலையத்தைக் காப்பாற்றினார்கள். வாளிக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் சர்க்கரை நோயாளி. அவர் காலத்தில், இளங்கன்றுகளின் சிறுநீரில் இயற்கையாகவே இனிப்பு உண்டு என்று நிலையம் ஒரு புத்தகம் வெளியிட்டது. அது இன்றும் பல கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

"சொல்லித் தொலைச்சிடாதப்பா. ஒரு பாட்டில் உன்னோடதுன்னா மத்ததெல்லாம் யாரோடதுன்னு கேப்பாங்க," என்றார் கருவிக்காரர்.

வாளியின் பயம் பாட்டிலைப் பற்றியது இல்லை. கோபால்ட் அவனுக்குள் எப்படி வந்தது? ரோஸ் திரவத்தை அவன் வாயில் வைத்ததில்லை. கையுறை போட்டுத்தான் கலக்குவான். நிலையத்தில் அவன் வாய்க்குள் போனது ஒன்றே ஒன்றுதான், தாழ்வாரத்தில் இருந்த வடிகட்டியின் தண்ணீர். அதற்கு நிலையத்தின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. திரவம் கலக்கும் தொட்டிகளைக் கழுவிய நீர், கிணற்றை ஒட்டிய குழியில்தான் இறங்கியது. இரண்டையும் அவன் தினமும் பார்த்தான். இதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை.

அவன் வீட்டுக் குழாயில் துரு வாடை அடிக்கும். அதனால் தினமும் மாலையில் வடிகட்டித் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவான். அவன் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. உண்டான நாளிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். வேறு எதையும் தொடக் கூடாது என்று அவளைக் கண்டித்து வைத்திருந்தவன் அவன்தான்.

கன்றுகளுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் கிடையாது. அவற்றுக்கு வெளியிலிருந்து லாரியில் வந்தது. கிணற்று நீரைக் கொடுத்தால் ஆய்வு கெட்டுவிடக்கூடும் என்று முன்னொரு காலத்தில் யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு அது. யோசித்தவர் கன்றுகளோடு நிறுத்திக்கொண்டார்.

மதியம் கூட்டம் நடந்தது. பதினேழைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நிற்பதற்காக வாளியையும் அழைத்திருந்தார்கள்.

குடல் துறைத் தலைவி கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டினார். மெல்லிய குரல், சுத்தமான கைகள், யாரையும் கடிந்து பேசாதவர். வந்த கோபால்ட் இவ்வளவு. கொடுத்த கோபால்ட் பூஜ்யம். வந்ததைப் பூஜ்யத்தால் வகுத்தால் கிடைப்பது முடிவிலி. ஆகவே பதினேழின் குடல் கசிவுக்கு அளவே இல்லை. உலகில் இதுவரை எந்த விலங்கிலும் இப்படி ஒரு குடல் பதிவாகவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த சுண்ணக்கட்டித் தூளைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

இயக்குநர் எழுந்து பேசினார். "நாம் எதையும் கொடுக்கவில்லை. ஆனாலும் வந்திருக்கிறது. எதையும் கொடுக்காமலே பெறுவது இந்த நிலையத்தின் நெடுநாளைய பண்பாடு. இன்றுதான் அது அறிவியல் ஆகியிருக்கிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். பதினேழு மேடை ஓரத்தில் நீண்ட நேரம் சிறுநீர் கழித்தது. அதைப் பிடிக்க யாரும் வரவில்லை. அன்றைய பாட்டில் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

கூட்டம் கலைந்தபின் வாளி துறைத் தலைவியிடம் போய், தாழ்வாரத் தண்ணீரை ஒருமுறை கருவியில் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டான். அவர் அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

"தண்ணிக்குக் குடல் இருக்காப்பா?"

"இல்லைங்க மேடம்."

"அப்புறம் எப்படிக் கசிவு பாக்கறது?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே யோசித்தார். விலங்கு நலக் குழுவின் தலைவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

நலக் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். அவர் அறையில் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு ஆட்டுக் குடல் சுருண்டு கிடந்தது. தண்ணீரைப் பரிசோதித்தால் தண்ணீருக்கு வலிக்குமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றார். வலிக்காது என்றால் அது குழுவின் வரம்பில் வராது. வலிக்கும் என்றால் அனுமதி கிடைக்காது. பிறகு, வந்தவன் மனம் நோகக் கூடாது என்று குழுவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். அவர் பொறுப்பேற்றதிலிருந்து ஒரு விலங்குகூடப் புகார் செய்ததில்லையாம்.

வாளி கருவிக்காரரிடம் வந்து நின்றான். ஒரு பாட்டிலில் தாழ்வாரத் தண்ணீரைப் பிடித்து மேஜைமேல் வைத்தான்.

கருவிக்காரர் தலையைச் சொறிந்தார். விலங்கின் எண்ணை அழுத்தாமல் கருவி திறக்காது. கடைசியில் கைக்கு வந்த ஒரு எண்ணை அழுத்தினார். ஒன்பது. பாட்டிலை உள்ளே வைத்தார். கருவி சற்று நேரம் முனகியது. திரையில் எண் வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இருக்கு. நல்லாவே இருக்கு."

"எவ்வளவுண்ணே?"

"கேக்காத. வீட்டுல யாரும் குடிக்க வேணாம்."

வாளி அந்த எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொன்னான். கருவிக்காரர் திரையைத் தொட்டுக் காட்டினார். எண் அங்கே இல்லை. அது ஒன்பதாம் எண்ணின் பெயரில் மேலே போய்விட்டிருந்தது.

மாலையில் ஒன்பதை அழைத்துப் போக ஆட்கள் வந்தார்கள். கசிவு எல்லை மீறினால் குடலை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது ஆய்வு நெறி. ஒன்பது நல்ல கன்று. தட்டிக் கொடுத்தால் கையை நக்கும். வாளி குறுக்கே போய் நின்று, அது கன்றின் சிறுநீர் இல்லை, குடிக்கிற தண்ணீர் என்றான். ஆட்களில் ஒருவன், எதுவாக இருந்தாலும் எண் ஒன்பதுதானே என்று கேட்டான். அவனைச் சுற்றிக்கொண்டு ஒன்பதை நடத்திப் போனார்கள்.

ஒன்பதின் குடல் முழுக்கச் சரியாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுட்பமான ஓட்டைகள் என்று துறைத் தலைவி எழுதினார்.

அன்று வாளி கேன் இல்லாமல் வீட்டுக்குப் போனான். மனைவி வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"கேன் எங்க?"

அவன் உள்ளே போய், பானையில் மிச்சமிருந்த தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டு, பிறகு உட்கார்ந்து சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். தூணின் மறைவை மட்டும் சுற்றி வளைத்துச் சொன்னான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கன்னுக்குட்டிக்குப் பதிலா நீங்களா போனீங்க?"

"எல்லாரும் பண்றதுதான்."

"நல்ல உத்தியோகம். எங்க அம்மா கேட்டா என்னன்னு சொல்றது?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நடுவிலேயே நிறுத்தி வயிற்றின்மேல் கை வைத்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை என்ன பண்ணும்?" என்றாள்.

"தெரியல."

"தெரிஞ்சவங்ககிட்டதானே வேலை பாக்கறீங்க. கேட்டுட்டு வாங்க. நாளைக்குக் கேட்டுட்டு வாங்க."

மறுநாள் அவன் கேட்கப் போனான். இயக்குநர் அறையில் துறைத் தலைவியும் இருந்தார். மேஜையில் பதினேழின் புகைப்படம் சட்டம் போட்டு வைத்திருந்தது. அவன் நின்றபடியே உள்ளதைச் சொன்னான். பாட்டில் தன்னுடையது. தான் குடித்தது தாழ்வாரத் தண்ணீர். அதே தண்ணீரை வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி குடித்திருக்கிறாள். அவளுக்கும் குழந்தைக்கும் என்ன ஆகும் என்று மட்டும் சொன்னால் போதும். வேலையை விட்டு நீக்கினாலும் பரவாயில்லை.

வேலையை விட்டு நீக்கவில்லை. இயக்குநருக்குக் கோபமும் வரவில்லை. அவர் துறைத் தலைவியைப் பார்த்தார். துறைத் தலைவி மெதுவாகத் தலையசைத்தார். வாளி இதுவரை அவர் முகத்தில் பார்த்திராத ஒரு பிரியம் அதில் இருந்தது. அவன் முகத்தைத் தாண்டி அவன் சட்டையின் கீழ்ப் பொத்தான்களில் அவர் பார்வை நின்றது.

"அப்ப முடிவிலி நீங்கதான்," என்றார்.

வாளி மறுபடி முதலிலிருந்து சொன்னான். தன் குடலில் ஒரு கோளாறும் இல்லை, கோபால்ட் தண்ணீரில்தான் இருக்கிறது என்றான். இயக்குநர் பொறுமையாகக் கையை உயர்த்தினார். நிலையம் ஊழியர்கள் யாருக்கும் கோபால்ட் கொடுத்ததில்லை, கொடுத்திருந்தால் அதற்கு ஒப்புதல் இருந்திருக்கும், ஒப்புதல் இல்லை, ஆகவே கொடுக்கவில்லை. கொடுத்தது பூஜ்யம். வந்திருக்கிறது. கணக்கு அப்படியே நிற்கிறது, குடல் மட்டும்தான் மாறியிருக்கிறது.

"சரிங்க சார். என் வீட்டுக்காரிக்கு என்ன ஆகும்?"

"அது எங்க துறை இல்லப்பா," என்றார் துறைத் தலைவி. "உள்ள போச்சா இல்லையான்னுதான் நாங்க பாக்கறோம். போனப்புறம் அது என்ன பண்ணும்கிறதை வேற யாராவதுதான் பாக்கணும்."

"யாரு மேடம்?"

அவர் யோசித்தார். அப்படி ஒரு இடம் இருந்தாக வேண்டும் என்றார்.

வாளி திரும்பும்போது அவர் அவனை நிறுத்தினார். ஒரு வழி இருக்கிறது. ஆய்வில் இருக்கும் ஒரு உயிர் குடிக்கிற தண்ணீரைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்று நெறியில் இருக்கிறது. வாளி ஆய்வுக்குள் வந்தால், அவன் குடிக்கிற தண்ணீர் முறைப்படி கருவிக்குள் போகும். முடிவு தாளில் வரும். அதைக் கொண்டுபோய் எந்த மருத்துவரிடமும் காட்டலாம்.

அவனுக்குத் தேவைப்பட்டது அந்தத் தாள்தான். சரி என்றான்.

புது எண் போட வழியில்லை. முடிவிலிச் செய்தி பதினேழின் பெயரில் ஏற்கெனவே வெளியூர்களுக்குப் போய்விட்டது. ஆகவே பதினேழாம் எண் அவனுக்கு வந்தது. பழைய பதினேழு எண் இல்லாத கன்றாகி, கணக்கில் இல்லாததால் அன்று பிற்பகலே வாசல் வழியாக வெளியேறியது. காவலாளி அதைத் தடுக்கவில்லை. எண் இல்லாத எதையும் தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

எடை பார்க்கும் கூடத்தை அடுத்து ஒரு அறையைக் கொடுத்தார்கள். சட்டம் சட்டமாக மரப்பலகை போட்ட தரை. கீழே சிறுநீர் பிடிக்கத் தட்டு. சுவரெங்கும் கழுவ வசதியான வெள்ளை ஓடு. கம்பிக் கதவின் தாழ்ப்பாள் வெளியே இருந்தது, கன்றுகளுக்கு உள்ளே தாழ்ப்பாள் தேவைப்படுவதில்லை. காதில் போட வேண்டிய எண் வில்லையை மனிதாபிமான அடிப்படையில் கழுத்தில் மாட்டினார்கள். வைக்கோல் கட்டாயமில்லை என்று துறைத் தலைவி தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். நலக் குழுத் தலைவர் நேரில் வந்து, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். புகார் ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

வாளி வேலைக்குப் புதிதாக ஒருவன் வந்திருந்தான். பாட்டிலோடு வாசலில் நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான்.

"வரலையா அண்ணே?"

"இப்ப வரல."

"சரி விடுங்க. நான் பாத்துக்கறேன்," என்று தூணின் பக்கம் போனான்.

தண்ணீர்ப் பரிசோதனை முறைப்படி நடந்தது. முடிவு தாளில் வந்தது. பதினேழாம் எண் குடிக்கும் தண்ணீரில் கோபால்ட் அறவே இல்லை. வாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகுதான் தன் அறைக் குழாயைப் பார்த்தான். ஆய்வில் இருக்கும் உயிர்களுக்கு லாரித் தண்ணீர்.

தாழ்வாரத்து வடிகட்டியைப் பார்க்கச் சொல்லிக் கேட்டான். அதைப் பதினேழாம் எண் குடிப்பதில்லையே என்றார்கள். குடிக்கிறேன், கொண்டு வாருங்கள் என்றான். பதினேழுக்குக் கொடுப்பது பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது நெறி, அதில் ஏதாவது இருந்து தொலைத்தால் என்ன ஆவது என்றார்கள்.

கருவிக்காரர் ஒருமுறை சன்னல் ஓரம் வந்தார். உள்ளே பார்க்காமல் பேசினார்.

"நெறியோட கடைசிப் பக்கத்தைப் படிச்சியா?"

"என்ன இருக்கு?"

"ஒன்பதுக்கு நடந்ததுதான். ஆய்வு முடிஞ்சா எல்லா எண்ணுக்கும் அதுதான். நான் மேடத்துகிட்ட கேட்டேன். மனுஷனாச்சேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பதினேழுக்கு மட்டும் மாத்தணும்னா குழு கூடணுமாம். ஆய்வு நடக்கறப்ப குழு கூடாதாம். முடிஞ்சப்புறம்தான் கூடுமாம்."

அவர் போனபின் வாளி கதவை உள்ளிருந்து தள்ளிப் பார்த்தான். நன்றாகச் செய்த கதவு. எடைக் கூடத்தில் யாரோ எஃகுத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவன் வீட்டுக்கு வராததால் மனைவி நிலையத்துக்கு வந்தாள். வாசலில் காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சொன்னாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார் அவர். பதினேழு இருக்கிறது, பார்க்கலாம்.

துறைத் தலைவியே அவளை அழைத்து வந்தார். வெயிலில் நடந்து வந்தவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். புதிதாக வேலைக்கு வந்தவன் தாழ்வாரத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவள் வாங்கினாள். உதடு காய்ந்திருந்தது. கதவுக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து வாளி அவள் கையையே பார்த்தான். அவள் டம்ளரைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இது எதுக்கு?" என்று அவன் கழுத்து வில்லையைக் காட்டிக் கேட்டாள்.

"ஒரு தாளுக்காக வந்தேன்."

"கெடச்சுதா?"

"கெடச்சுது. அதுல ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கு."

"அப்ப வாங்க, போலாம்."

அவன் தாழ்ப்பாளைக் கண்ணால் காட்டினான். அவள் அதை இழுத்தாள். பூட்டு இருந்தது. துறைத் தலைவியின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை.

"என் வீட்டுக்காரரை எப்ப விடுவீங்க?"

அந்தக் கேள்வி துறைத் தலைவியின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் சன்னல் விளிம்பிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் வயிற்றைப் பார்த்தார். மறுபடி டம்ளரை. அவர் முகம் கரும்பலகையின் முன் நின்ற அன்றுபோல் மெல்ல ஒளிர்ந்தது.

"இந்தத் தண்ணியைக் குடிக்கறதை நிறுத்திட்டீங்களா? அப்ப இத்தனை மாசம் குடிச்சிருக்கீங்க, இப்ப குடிக்கல. ஒரே உடம்புல ரெண்டும்," என்றார். "இப்படிக் கெடைக்கவே கெடைக்காதும்மா."

"மேடம், அவளை விட்டுடுங்க," என்றான் வாளி.

"எங்க பிடிச்சேன்? உக்கார வெச்சிருக்கேன்." அவர் நாற்காலியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். புதியவனை அழைத்து அடுத்த அறையைக் கழுவி வைக்கச் சொன்னார். அடுத்த அறையில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. அவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு குனிந்து, பரிவோடு கேட்டார்.

"குழந்தைக்குத் தனியா ஒரு நம்பர் போடட்டுமா, இல்ல பொறக்கற வரைக்கும் உங்க நம்பரே போதுமா?"